தடித்த எழுத்தில் ஒரு வரி

கருங்குழியில் அந்தத் தெருவில் யார் இறந்தாலும் சாவுச் சொல் முதலில் மணியக்காரர் வீட்டுக்குத்தான் போகும். மணியம் என்ற கிராம அதிகாரி உத்தியோகத்தையே அரசாங்கம் எடுத்துப் போட்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வழக்கம் மட்டும் நிற்கவில்லை. சொல் வந்ததும் அந்த வீட்டிலிருந்து ஒரு மாலையும், இறந்தது ஆணானால் வேட்டியும் பெண்ணானால் புடவையும் போகும். அது போய்ச் சேர்ந்த பிறகே மற்றவர்கள் மாலை போடுவார்கள். அந்த வீட்டு உலகநாதனுக்கு அறுபத்தெட்டு வயது. இந்த வரிசை ஒருமுறைகூடப் பிசகி அவர் பார்த்ததில்லை.

ஞானம்மாள் இறந்தபோது பிசகியது.

தை மாதத்துக் காலை. உலகநாதன் கேட்டருகே நின்று பால்காரருக்காகக் காத்திருந்தார். தெருமுனையில் திரும்பிய ஒரு வேன் வீட்டுக்கு வீடு நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. ஏறியவர்கள் எல்லார் கையிலும் மாலை. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வருபவர்களிடம் விசாரிக்கத் தயாராக நிமிர்ந்து நின்றார். வேன் அவர் வாசலில் நிற்கவில்லை. ஓட்டியவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மறுபக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

எதிர் வீட்டு மணி கால்வலிக்காரன். வேனில் ஏறாமல் நின்றுவிட்டான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஞானம்மா அக்கா, மணியக்காரரே. மாபலிபுரத்தாண்ட பொண்ணு வூட்ல கீதே, அங்கதான். ராத்திரியே சொல்லு வந்துச்சே. உங்களுக்கு வரலியா?"

கேட்ட பிறகுதான் மணிக்குத் தான் கேட்டது என்னவென்று புரிந்தது. குனிந்து காலைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

உலகநாதன் கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏன் வரவில்லை என்று அவர் யாரையும் கேட்கவேண்டியதில்லை. அதற்கான காரணம் ஆறு வருடத்துக்கு முன்னால், அந்த வீட்டின் முன்னறையில், ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அவர் ஒருவருக்குத்தான் அது தெரியும்.

உலகநாதனின் அப்பா வெங்கடேசன்தான் அந்த ஊரின் கடைசி மணியக்காரர். பிறப்பு, இறப்பு, இருப்பிடம், வருமானம் என்று எந்தக் காகிதத்தோடு யார் வந்தாலும், தனக்குத் தெரியாததற்குக் கையெழுத்துப் போடமாட்டார். தெரிந்ததற்குப் போட மறுக்கமாட்டார். வந்தவரை வாசலில் காக்கவைத்தார் என்ற பேச்சும் அவருக்கு இருந்ததில்லை. சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு எழுந்து வந்துவிடுவார். மதுராந்தகத்துப் பள்ளியொன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற உலகநாதன், அப்பாவின் பெயரிலேயே முன்னறையில் இணைய மையம் வைத்தார். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். விண்ணப்பங்கள் எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்ட காலம். அப்பாவிடம் வந்தவர்களின் பிள்ளைகள் மகனிடம் வந்தார்கள். மணியக்காரர் வீட்டில் போட்டால் தப்பாது என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஒரே தொல்லை, வேகம். கம்ப்யூட்டர்கள் மூன்றும் அரதப் பழசு, இணைப்போ நத்தை. காலையிலேயே வாசலில் பத்துப் பேர் நின்றுவிடுவார்கள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒருவர் காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். காத்திருந்து பார்த்துவிட்டு ஒருவர் இருவர் ஜிஎஸ்டி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த கடைக்கு நழுவினார்கள். போனவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உலகநாதனுக்குப் பொறுக்கவில்லை.

மாடிப் போர்ஷனில் அப்போது பரணிதரன் குடியிருந்தான். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. மனைவி சஹானாவுக்கு மதுராந்தகத்தில் வங்கி வேலை. அவளுக்காகத்தான் கருங்குழியில் வீடு எடுத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கீழே அழைத்து, இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அவன் பிரவுசரில் ஏதோ தட்டினான். கவனமாக இருப்பதாக உறுதி சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்ற எச்சரிக்கை ஒன்று வந்தது. அந்தப் பொத்தானை அமுக்கினான். திரை முழுக்க வரிவரியாக ஒரு பெரிய பட்டியல் விரிந்தது.

அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. பிரவுசர் என்பது ரேஷன் கடைக்குப் போன ஆள் மாதிரி. அரிசி கேட்கும், அது கைக்கு வரும்வரை நிற்கும். வந்த பிறகே பருப்பு கேட்கும். இந்தப் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால், பதிலுக்கு நிற்காமல் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் என்று ஒரே மூச்சில் எல்லாச் சீட்டையும் நீட்டிவிடும். நேரம் மிச்சம். அதே அமைப்பு இரண்டாவதாக, தனி வரியாகவும் இருந்தது. அது முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வரும் பாதுகாப்பான தளங்களுக்கு மட்டுமானது.

"மேல இருக்கறத மாத்திட்டேன் ஐயா. கீழ இருக்கற இதத் தொடாதீங்க. பூட்டு போட்ட சைட்ல அவசரப்படக் கூடாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில்னு அங்க குழம்பிச்சின்னா திரையில ஒண்ணு தெரியும், உள்ள வேற ஒண்ணு இருக்கும்."

உலகநாதன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு வாரம் பொறுத்தார். மேலே இருந்ததை மாற்றியதால் அவருக்குப் பயன் ஒன்றும் இல்லை. அவர் கடைக்கு வருகிறவர்களுக்கு வேண்டிய தளங்கள் எல்லாமே பூட்டுப் போட்டவைதான். வாசலில் அதே பத்துப் பேர். இன்னொருவர் ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் நழுவினார். அன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பரணிதரன் தட்டியதை அவரே தட்டினார். கவனமாக இருப்பதாக உறுதி கேட்டது. அமுக்கினார். இரண்டாவது வரியின்மேல் இருமுறை தட்டினார். ஃபால்ஸ் என்று இருந்தது ட்ரூ ஆனது. மெலிந்த எழுத்தில் இருந்த வரி, கைபட்டது என்று காட்டுவதற்காகத் தடித்த எழுத்துக்கு மாறிக்கொண்டது.

இருபது நாள் எல்லாம் பறந்தது. அவருக்கும் தான் ஏதோ கற்றுவிட்ட மாதிரி இருந்தது.

ஞானம்மாளின் மகள் அமிர்தவல்லி வந்தது அந்த மே மாதத்தில். தெருவில் பிறந்து வளர்ந்த பெண். பெரிப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு அந்த வீட்டில் முறுக்கு வாங்கித் தின்றவள். செவிலியர் ஆகி, தருமபுரிப் பக்கம் மலையடிவாரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தாள். அவள் புருஷனுக்குக் கல்பாக்கத்தில் வேலை. நான்கு வயதுப் பெண் குழந்தை அவனிடமும் அவன் அக்காவிடமும் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வருடம் இடமாறுதலுக்கு ஐந்து இடங்களை விருப்ப வரிசையில் ஆன்லைனில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையோரம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இடம் காலியாக இருந்தது. அவளுடைய பணிமூப்புக்கு அதை முதலில் போட்டால் கிடைத்துவிடும். கிடைத்தால் குழந்தையோடு ஒரே வீட்டில் இருக்கலாம். கிடைத்த இடத்தில் மூன்று வருடம் அசையக் கூடாது என்பது விதி. ஐந்து இடம் கட்டாயம் என்பதால் பட்டியலை நிரப்ப நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஓர் இடத்தையும் சேர்த்திருந்தாள்.

அன்று கடைசி நாள். வாசலில் கூட்டம். இடங்களை எல்லாம் சேர்த்தாகிவிட்டது. வரிசை மட்டும் மாற்றவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மேலே தூக்க ஒரு அம்பு, கீழே இறக்க ஒரு அம்பு. கூடலூர் மேலே இருந்தது, கடற்கரை அடியில் இருந்தது. உலகநாதன் கடற்கரைக்கு நான்கு தட்டு, கூடலூருக்கு மூன்று தட்டு, மடமடவென்று தட்டினார். ஒரு தட்டுக்குப் பக்கம் திரும்பி வருவதற்குள் அடுத்த தட்டு. திரையில் கடற்கரை முதலில் வந்து நின்றது, கூடலூர் கடைசியில் நின்றது.

"பெரிப்பா, ஒரு வாட்டி வெளிய வந்து திரும்பி உள்ள போய் பாத்துடலாமா? சேவ் ஆயிடுச்சான்னு."

வெளியே யாரோ செருமினார்கள். இன்னும் எட்டுப் பேர் பாக்கி.

"நம்ம வூட்ல ஒரு வாட்டி போட்டா போட்டதுதான் அமிர்தம். ரெண்டாவது வாட்டி பாக்கற பழக்கம் இல்ல."

சொல்லிவிட்டு உறுதி செய்யும் பொத்தானை அமுக்கினார். கையில் கிடைத்த ரசீதில் விண்ணப்ப எண் மட்டும்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் ஆணை வந்தது. கூடலூர்.

அமிர்தவல்லி அழாமல் வந்தாள். அவள் கணக்கைத் திறந்து பார்த்தார்கள். பதிவாகியிருந்த வரிசையில் கூடலூர் முதலில் இருந்தது, கடற்கரை நான்காவதாக இருந்தது. உலகநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீயே பிறகு போனில் திறந்து ஏதாவது மாற்றினாயா என்று அவளைக் கேட்டார். அந்த நிமிஷத்தில் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அவள் இல்லை என்றாள். எங்காவது கை பட்டிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

அவள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த பரணிதரனைப் படியிலேயே நிறுத்தி, யாரோ கேட்டதாகச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது வரியை ஒருவர் மாற்றிவைத்திருந்து, மேலே தூக்குவது கீழே இறக்குவது என்று வேகமாகத் தட்டினால் என்ன ஆகும்? தட்டின வரிசையில்தான் அங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது, பாதி பழைய வரிசையின்மேல் விழுந்துவிடலாம், திரையை நம்பக் கூடாது என்றான் அவன். பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"ஐயா, நீங்க அத மாத்தலையே?"

"நான் எதுக்குப்பா மாத்தறேன்?"

அவன் மேலே போனதும் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். வரி தடித்த எழுத்தில் அப்படியே இருந்தது. இருமுறை தட்டினார். ட்ரூ மறுபடி ஃபால்ஸ் ஆனது, எழுத்து மெலிந்தது. யாருடைய கையும் எப்போதும் படாத வரி மாதிரி மற்ற ஆயிரம் வரிகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை அமிர்தவல்லி ஞானம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டில் அலுவலகத்துக்குப் போய் விசாரித்திருந்தாள். ஏழு நாளுக்குள் மேல்முறையீடு கொடுக்கலாம். பதிவு செய்த மையத்தின் பிழை என்று அந்த மையமே லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பரிசீலிப்பார்கள். கடற்கரை இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. ஒரே ஒரு கடிதம் போதும்.

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். எல்லாரும் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லெட்டர்பேடு மேஜைமேல்தான் இருந்தது, உச்சியில் அப்பாவின் பெயரோடு. பேனா சட்டைப் பையில் இருந்தது. எழுதினால் அது செங்கல்பட்டுக்குப் போகும். யார் யாரோ படிப்பார்கள். மணியக்காரர் வீட்டில் போட்டால் தப்பாது என்ற பேச்சு அன்றோடு முடியும். இந்தக் கணக்கைப் போட அவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம் ஆகியிருக்குமா என்பதே சந்தேகம்.

"இந்த வூட்டுக் கையெழுத்துல பொய் எழுதிப் பழக்கம் இல்லம்மா" என்றார். "உன் கை தப்புக்கு எங்கப்பா பேரக் கேக்காத."

அமிர்தவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஞானம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஊர் அவர் சொன்னதை நம்பியது. அவர் மனைவி வேண்டாவோ எல்லாரையும்விட அதிகமாக நம்பினாள். புருஷன் பேரைக் கெடுக்கப் பார்த்தாள் ஒருத்தி என்ற ஆத்திரத்தில் தண்ணீர்க் குழாயடியிலும் கோயில் வாசலிலும் வீடு வீடாகவும் போய், தப்பு அமிர்தவல்லியுடையதுதான் என்று சொன்னாள். அமிர்தவல்லி கூடலூருக்குப் போனாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பஸ் மாறி வருவாள். குழந்தை அவளைக் கண்டதும் அத்தையின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்று ஊரில் சொன்னார்கள். ஞானம்மாள் கடைக்குப் போவதானாலும் அவர் வாசலைத் தவிர்த்துப் பின்தெருவைச் சுற்றிப் போனாள். மூன்று வருடம் கழித்து அமிர்தவல்லிக்கு அதே கடற்கரையில் இடம் கிடைத்தது. வந்ததும் முதல் காரியமாக அம்மாவைக் கருங்குழியிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குள் குழந்தைக்கு ஏழு வயது முடிந்திருந்தது.

பரணிதரன் நாவலூரில் அடுக்குமாடி வீடு வாங்கிக்கொண்டு போனான். பழைய கம்ப்யூட்டர்களை உலகநாதன் மாற்றினார். புதிதாக வந்த பிரவுசரில் தேடிப் பார்த்தார். அந்த இரண்டு வரிகளும் அதில் இல்லை. அப்படி ஒரு அமைப்பையே எடுத்துவிட்டார்களாம். இனி உலகத்தில் யாரும் அந்தத் தவறைச் செய்ய முடியாது என்று நினைத்தபோது அவருக்கு ஆறுதல் வரவில்லை. நம்மோடு அது முடிந்தது என்றுதான் தோன்றியது. சில நாள் லெட்டர்பேடை எடுத்து வைப்பார். இப்போது எழுதி யாருக்கு என்ன என்று மூடிவைப்பார். மூன்று வருடத்தைக் கையெழுத்தால் திருப்பித் தர முடியாது என்பது மெய்தான். அந்த மெய்யைச் சாக்காக வைத்துக்கொண்டுதான் இன்னொரு மூன்று வருடத்தையும் அவர் ஓட்டினார்.

வேன் வாசலைத் தாண்டிப் போன அன்று அந்தச் சாக்கும் தீர்ந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை காத்திருந்தார். அழைப்பில்லாத வீட்டில் துக்கத்துக்கு நடுவே போய் நிற்பது முறையில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, வேண்டாவிடம் செங்கல்பட்டுக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். செங்கல்பட்டில் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தெற்கே போனார். சட்டைப் பையில் கடிதம் நான்காக மடித்து இருந்தது.

சுகாதார நிலையத்தில் முப்பது பேர் வரிசையில் இருந்தார்கள். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்திருந்தது. வலையை அப்படியே போட்டுவிட்டு வந்த ஒருவர், பெரியவர் முன்னால் போகட்டும் என்று வழிவிட்டார். வேண்டாம் என்று சொல்லித் தன் முறை வரும்வரை நின்றார்.

அமிர்தவல்லி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள்.

"பேரு?"

"உலகநாதன்."

"ஊரு?"

"கருங்குழி."

எழுதிக்கொண்டாள். அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.

"நூத்தி எழுபது. மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இன்னிக்கி சாப்பிடல."

"சாப்பிடாம எங்கியும் கிளம்பாதீங்க ஐயா."

பெரிப்பா போய் ஐயா வந்திருந்தது. அவர் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அம்மா சாவுக்கு வரமுடியாமல் போனதென்று சொல்ல நினைத்து, வரமுடியாமல் போகவில்லை, வரவிடவில்லை என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். அவள் பக்கத்தில் இருந்த இன்னொரு செவிலியரிடம் வரிசையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துப் பெஞ்சுக்கு வந்தாள். அவர் பின்னாலேயே போனார். அங்கிருந்து சவுக்குத் தோப்பும் அதற்கப்பால் ஒரு கீற்றுக் கடலும் தெரிந்தன.

கடிதத்தில் நான்கு வரிதான். 2018 மே மாதம் எங்கள் மையத்தின் கம்ப்யூட்டரில் இருந்த ஓர் அமைப்பின் காரணமாகச் செவிலியர் அமிர்தவல்லியின் விருப்ப வரிசை தவறாகப் பதிவானது. அதில் அவருடைய பிழை ஏதும் இல்லை. கீழே அவருடைய கையெழுத்து, தேதி.

அவள் இரண்டுமுறை படித்தாள்.

"இருந்த ஓர் அமைப்பு" என்றாள். "அது தானா வந்து குந்திகிச்சா?"

"நான்தான் மாத்தினேன். கடை வேகமா ஓடணும்னு. மாடியில குடியிருந்த பையன் வேணாம்னு சொல்லியும் மாத்தினேன்."

"அதாலதான்னு எப்ப தெரிஞ்சிது உங்களுக்கு?"

அவர் கடலைப் பார்த்தார்.

"நீ ஆர்டரத் தூக்கிகினு வந்தியே, அன்னிக்கி சாயங்காலமே."

"அப்ப மறுநாளு நான் லெட்டர் கேக்கச்சொல்ல தெரியும்."

"தெரியும்."

அமிர்தவல்லி கடிதத்தை மடியில் வைத்து நீவிவிட்டாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் இத்தினி வருசமா இன்னா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா? அவருக்கே தெரியாது, தெரியாமதான் அப்பிடி சொல்லிட்டாருன்னு. அம்மாதான் சொல்லும், இல்லடி, நான் அவுரு கண்ணப் பாத்தேன், அவருக்குத் தெரியும்னு. நான் அம்மாவத் திட்டுவேன். வயசானவர அப்பிடிப் பேசாதன்னு. மூணு நாள் அதுங்கூடப் பேசாம இருந்திருக்கேன், உங்களால." கொஞ்சம் நிறுத்தினாள். "சாவறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சி. என் சாவுச் சொல்லு அந்த வூட்டுக்குப் போவக்கூடாதுன்னு. கெழவிக்கி புத்தி பெரண்டுபோச்சின்னு நெனச்சிகினேதான் செஞ்சேன்."

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று உலகநாதன் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அதைக் கேட்டிருக்கவேண்டிய ஞானம்மாள் பதினேழு நாளைக்கு முன்னால் போய்விட்டாள்.

கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். பேனாவைத் திறந்தார். நான்காவது வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது. பெஞ்சில் வைத்து எழுதினார்: அந்த அமைப்பைத் தடை மீறி மாற்றியவன் நான். அதுதான் காரணம் என்று அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தேன், தெரிந்தே அவர்மீது பழி போட்டேன். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். திருப்பி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எனக்கு இது எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே நான் மாத்தலன்னு. கருங்குழியில எங்கம்மா பின்தெருவாண்ட சுத்திகினு போச்சே, அந்த ஊரு படிக்கட்டும்."

பிறகு எழுந்தாள். உள்ளே போகும்போது, மாத்திரையை மருந்தறையில் வாங்கி இங்கேயே போட்டுக்கொண்டு போகச் சொன்னாள்.

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்கு முன்னால், இணைய மையத்தின் கண்ணாடிக் கதவில், படிக்க வசதியான உயரத்தில், கடிதத்தை நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினார். அப்பாவின் பெயர் மேலே இருந்தது. அதை மறைக்க நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். டேப்பை அங்கே குறுக்கே ஒட்டக் கை ஒருமுறை போய்த் திரும்பியது.

முதலில் படித்தவள் வேண்டா. வாசலில் கோலம் போட வந்தவள், அது என்ன காகிதம் என்று கிட்டே போனாள். அவள் நிதானமாகப் படிப்பவள். ஒவ்வொரு சொல்லாக உதடு அசைந்தது. முடித்ததும் மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள். கோலமாவுக் கிண்ணம் கையிலேயே இருந்தது. உலகநாதன் உள்ளே நாற்காலியில் இருந்தபடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்தாள்.

"அந்தப் பொண்ணப் பத்தி ஊரெல்லாம் சொன்னது நானு. நீங்க ஒரு வாட்டி சொன்னீங்க. நான் வூடு வூடா போயி சொன்னேன். என் வாயால சொல்ல வச்சீங்களே."

நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். போய்க் கதவிலிருந்து கடிதத்தை மூலை கிழியாமல் மெல்லப் பிரித்து எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க. அப்பறம் இத்த அங்கியே ஒட்டிடுங்க."

"எதுக்கு?"

"சொன்ன வூட்டுக்கெல்லாம் போய்க் குடுக்கணும் இல்ல?"

எத்தனை என்று கேட்டார். அவள் கூரையைப் பார்த்து, தெருவின் இந்த முனையிலிருந்து விரல் மடக்க ஆரம்பித்தாள். செத்துப்போனவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வேண்டும் என்றாள். பதினாலு என்றாள், யோசித்து, கோயில் பூசாரி வீட்டையும் சேர்த்துப் பதினைந்து என்றாள்.

உலகநாதன் எழுந்து ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கி, கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடியது. முதல் பிரதி சூடாக வெளியே வந்து விழுந்தது. வேண்டா அதை எடுத்து மடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, அடுத்ததற்குக் கையை நீட்டியபடி நின்றாள்.